கையிலே காசா, கணக்கிலே சதமா?

கல்லடியில் ஒரு வீட்டின் பின்னறை. சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய ஸ்டூடியோ. அம்மன் கோயில் இறுவட்டு ஒன்றுக்காக அங்கே ஆறு பாட்டுக்குத் தபேலா வாசித்தேன். இரவு வீட்டுக்குக் கிளம்பும்போது காசை எண்ணிக் கையில் தந்தார்கள். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அம்மன் கோயில்களில் வருடச் சடங்கு தொடங்கினால் அதில் ஒரு பாட்டு ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் போகிறது. யூடியூபில் அதற்கு முன்னால் விளம்பரமும் ஓடுகிறது. பாடியவர் பெயர் கீழே இருக்கிறது. தபேலா தானாகவே வாசித்துக்கொண்டது போல.

பாட்டை எழுதியவர், மெட்டுப் போட்டவர் பங்கு தனிக் கணக்கு. நான் பார்ப்பது ஒலிப்பதிவில் பாடியவர், வாசித்தவர் பங்கை: ஒரேயடியாகக் காசா, பாட்டு ஓட ஓட வரும் பங்கா?

ஒரேயடியாகக் காசு வாங்கும் வழியை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். கையிலே காசு, வாயிலே தோசை. பாட்டு ஓடாவிட்டாலும் நமக்கு நட்டமில்லை, பெரும்பாலும் ஓடுவதுமில்லை. ஆனால் ஓடிவிட்டால்? இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, விற்பனைக்கு வந்த ஒலிப்பதிவை வானொலியில் போட்டால் அதற்கான கொடுப்பனவு தயாரிப்பாளருக்குப் போகும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அதில் பாதியை அவர் கலைஞர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதியோடு இன்றுவரை யாரும் என் படலையைத் தட்டவில்லை.

பதிவு உங்களுடையதாக இருந்தால் கதை வேறு. பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற பாட்டுச் செயலிகளில் ஏற்றி, வரும் காசை வாங்கித் தரும் விநியோக நிறுவனங்கள் இருக்கின்றன. டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கும், வருமானத்தில் பங்கு கேட்காது. சந்தாவை விட்டால் பாட்டை இறக்கிவிடக்கூடும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்கி, வருவதில் 9 சதவீதம் எடுக்கும். மாதம் ஒரு பாட்டு விடும் இளைஞருக்கு முதலாவது சரி. வருடத்துக்கு ஒரு கோயில் இறுவட்டு என்றால் இரண்டாவதுதான், கட்டிவிட்டு மறந்துவிடலாம். ஸ்பொட்டிஃபையை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒரு சதமும் இல்லை. நம் பக்திப் பாட்டைக் கேட்கிற சனம் இருப்பது யூடியூபில். அங்கே சொந்த சனலில் விளம்பரக் காசு வரப் பொதுவாக 1,000 சந்தாதாரர், வருடத்தில் 4,000 மணிநேரப் பார்வை வேண்டும்.

அப்புறம் அமெரிக்காவின் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச், ஒலிப்பதிவுக்கான காசைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. பதிவு இலவசம் என்றதும் இங்கே பலர் ஸ்பொட்டிஃபை காசும் அதில் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. அது இணைய வானொலி, செய்மதி வானொலி போன்றவற்றுக்கு மட்டும்தான். அங்கத்தைய சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலி பாடகருக்கு எதுவும் கொடுப்பதில்லை. சவுண்ட்எக்ஸ்சேஞ்சுக்கு வருவதில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, மிச்சம் 5 என்னைப் போன்ற பக்கவாத்தியக்காரருக்கான நிதிக்கு. பாடி, பதிவையும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு 95 என்பது நல்ல கணக்கு. ஆனால் கல்லடிப் பாட்டை அமெரிக்க இணைய வானொலி எத்தனை தடவை போடும்?

ஆகவே பாடுகிறவர் பதிவைச் சொந்தமாக வைத்துக்கொண்டு விநியோகத்துக்குப் போகட்டும். வாசிக்கிற நான் காசையே வாங்குகிறேன், ஆனால் ஒரு துண்டோடு. போன மாதப் பதிவில் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்துப் பெயர், வாத்தியம், திகதி, யூடியூபில் காசு வந்தால் என் பங்கு எவ்வளவு என்று எழுதி நீட்டினேன். தயாரிப்பாளர் சிரித்தார்.

"என்னண்ணே, காணி உறுதியா எழுதுறீங்க?"

கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.