உத்யம் பதிவுத் தளம் எப்படி? மசாலாப் பொடி தொழிலை வைத்து ஒரு ரிவ்யூ

சிறு தொழிலுக்கு அரசு தரும் சான்றிதழ்களில் கட்டணமே இல்லாதது உத்யம். 2020 ஜூலை 1 முதல் பழைய உத்யோக் ஆதாருக்குப் பதிலாக இதுதான் நடைமுறையில் இருக்கிறது. எதையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டாம், புதுப்பிக்க வேண்டிய தேதியும் கிடையாது. எல்லா விவரமும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. அந்த வகையில் தாராளமாகப் பாராட்டலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் தப்பாக நிரப்பினாலும் பெரும்பாலான கட்டங்களில் தளம் எதுவும் சொல்லாது, சான்றிதழும் வந்துவிடும். தப்பு தெரிவது பில் பணம் வராமல் நிற்கிற அன்றைக்கு.

முதல் திரையில் ஆதார் எண், பெயர், ஓடிபி. நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இன்ஷியலில்தான். ஆதாரில் "முருகன் எஸ்" என்று இருந்தால் இங்கேயும் அப்படியேதான் அடிக்க வேண்டும். "எஸ் முருகன்" என்றால் ஏற்காது. அடுத்த திரையில் பான் அட்டையில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கும். இரண்டு அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் ஆதாரையோ பானையோ திருத்திவிட்டு வருவது நல்லது. தனிநபர் தொழிலுக்கு உரிமையாளரின் ஆதார், பார்ட்னர்ஷிப்புக்கு நிர்வாகப் பங்குதாரரின் ஆதார். சட்டப்படி ஜிஎஸ்டி தேவைப்படாத தொழிலுக்கு ஜிஎஸ்டி எண் கட்டாயமில்லை.

நிதானமாக உட்கார வேண்டிய இடம் தொழில் வகை. உற்பத்தி, சேவை, வணிகம் என்று மூன்று. சாம்பார்ப் பொடியை அரைத்து, பாக்கெட் போட்டு, தன் கடையிலேயே விற்பவர் "கடைதானே" என்று வணிகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். அவர் செய்வது உற்பத்தி. தேடல் பெட்டியில் மசாலாவுக்கான ஆங்கிலச் சொல்லை இட்டால் என்ஐசி குறியீடு, அதாவது தொழில் வகைக்கு அரசு தரும் எண், 10795 என்று வரும். மசாலா அரைத்துப் பதப்படுத்தும் தொழிலுக்கு உரியது அதுதான். அப்பளமும் போடுகிறவர் 10796ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்துக்கு ஒரே பதிவுதான், ஆனால் அதற்குள் எத்தனை தொழில் வேண்டுமானாலும் சேர்க்க இடமுண்டு. இரண்டாவது யூனிட் இருந்தால் அதன் முகவரியையும் இதே பதிவில்தான் சேர்க்க வேண்டும்.

இந்த ஒரு கட்டத்துக்கு ஏன் இத்தனை கவனம்? 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வங்கியில் முன்னுரிமைக் கடன் என்ற பலன் மட்டுமே. பாக்கி வசூலுக்கான பாதுகாப்பு உற்பத்திக்கும் சேவைக்கும்தான். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இடி சட்டம் 2006, பிரிவு 15இன்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. புகாரை விசாரிக்கும் கவுன்சில் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கிறது. பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பில்லுக்குக் கேட்டால் வழக்கு இழுபறியாகும். முதல் சரக்கு அனுப்பும் முன்பே பதிவை முடித்து, எண்ணை இன்வாய்ஸிலேயே அச்சடித்துவிடுங்கள்.

முதலீடு, விற்றுமுதல் கட்டங்களுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் எண்களைத் தளமே எடுத்துக்கொள்கிறது. புதுத் தொழில் என்றால் சுய உறுதிமொழி போதும். இயந்திரத்தின் விலையை ஜிஎஸ்டி நீக்கி எழுத வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். இரண்டில் ஒன்று தாண்டினாலும் அடுத்த வகைக்குப் போய்விடும்.

அடுத்தது போலித் தளங்கள். கூகுளில் தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும், அரசுத் தளம் போலவே படிவம் காட்டும், கடைசியில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும். ஜிஓவி டாட் இன் என்று முடியாத முகவரியில் ஆதார் எண்ணைத் தட்டவே கூடாது. தெரிந்த ஏஜென்ட் செய்து தருவதிலும் ஒரு சிக்கல் உண்டு: அவசரத்தில் தன் மொபைல் எண்ணையும் ஈமெயிலையும் போட்டுவிடுவார். பிறகு சான்றிதழை எடுக்கவோ திருத்தவோ போனால் ஓடிபி அவருக்குத்தான் போகும். யார் நிரப்பினாலும் அந்த இரண்டு கட்டத்தை நீங்களே பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

சான்றிதழில் கியூஆர் குறியீடும் பதிவு எண்ணும் இருக்கும். மாநிலம், இரண்டு இலக்க மாவட்ட எண், ஏழு இலக்க வரிசை எண் என்ற அமைப்பு. டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு இதைக் காட்டினால் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 9,000 ரூபாய் என்பது 4,500 ஆகும். தனிநபர் பெயரில் விண்ணப்பித்தால் உத்யம் இல்லாமலே 4,500தான். உண்மையில் லாபம் பார்ட்னர்ஷிப்புக்கும் கம்பெனிக்கும்.

இது தரச் சான்றிதழ் அல்ல. பாக்கெட்டில் அச்சிட வேண்டிய எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணுக்கு அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உத்யம் எண்ணை லேபிளில் போட்டுவிட்டு அதுவே போதும் என்று நினைத்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஏற்க மாட்டார்.