விமான தூரக் கணிப்பான்கள்: கிலோமீட்டர் சரி, மணிக்கணக்கு?

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் வான்வழி தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் தளங்கள் ஏராளம். முகப்புதான் வேறு வேறு. உள்ளே ஓடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றே. தூரத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். நேரத்துக்கு இரண்டு கொடுப்பதே தாராளம்.

தூரம் பெருவட்டப் பாதையில், அதாவது உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழியில், கணக்கிடப்படுகிறது. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக எடுத்துக்கொண்டாலும் பிழை அரை சதவீத அளவுதான். எந்தத் தளம் எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்க்க ஒரு சோதனை: பூமத்திய ரேகையில் 0, 1 பாகை தீர்க்கரேகைகளைக் கொடுங்கள். 111.19 கி.மீ. வந்தால் உருண்டைக் கணக்கு, 111.32 வந்தால் துருவங்களில் தட்டையான நிஜ பூமியின் கணக்கு. டிக்கெட் போடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

தவறு நடப்பது ஊர்ப் பெயரில். பல தளங்கள் நகரத்தின் மையத்திலிருந்து அளக்கின்றன. டோக்கியோவின் ஹனேடா நிலையம் மையத்திலிருந்து சுமார் 15 கி.மீ.; நரிட்டாவோ சுமார் 60. சான் ஹோசே என்று போட்டால் கலிஃபோர்னியாவா, கோஸ்டா ரிகாவா? அதனால் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையே போடுங்கள்: முன்னதற்கு எஸ்ஜேசி, பின்னதற்கு எஸ்ஜேஓ. அலகையும் ஒருமுறை பாருங்கள். சாதா மைல் 1.609 கி.மீ., நாட்டிக்கல் மைல் 1.852. மாற்றிப் படித்தால் 15 சதவீதம் போச்சு.

இனி நேரம். வழக்கமான சூத்திரம்: தூரத்தை மணிக்கு 800 அல்லது 850 கி.மீ.யால் வகு, ஏறி இறங்க அரை மணி சேர். காற்று என்று ஒன்று இருப்பதே இதற்குத் தெரியாது. லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கி.மீ.; கணிப்பான் இருபுறமும் ஏழு மணிக்கு மேல் சொல்லும். நிஜத்தில் மேற்கே போகும்போது ஜெட் காற்று (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று) எதிர்த்து வீசுவதால் அட்டவணையில் எட்டு மணியை ஒட்டி வரும், திரும்பும்போது ஏழு. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் போய் இறங்கியது. போக வர ஒரே நேரம் காட்டும் தளம் வெறும் வகுத்தல் வாய்ப்பாடு, அவ்வளவே.

மூடிய வான்வெளியும் அதற்குத் தெரியாது. ஹெல்சிங்கி–டோக்கியோவுக்கு பத்தே கால் மணி என்று கணக்கு வரும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் சுற்றிக்கொண்டு போகிறது. சுமார் 13 மணி.

இன்னொன்று: அட்டவணை நேரம் என்பது, நிற்கும் விமானம் நகராதபடி வைத்திருக்கும் சக்கரக் கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி வைக்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், தாமதத்துக்கு நிறுவனம் சேர்த்துவைக்கும் நிமிடங்களும் அதில் அடக்கம்.

வெறும் தூரத்துக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளம் போதும். இரு குறியீடுகளுக்கு நடுவே ஒரு சிறுகோடு போட்டால் வரைபடத்தோடு வந்துவிடும். நேரத்துக்கு, விமானத் தடம் காட்டும் தளத்தில் அதே விமான எண்ணின் கடந்த ஒரு வாரப் பயணங்களைப் பாருங்கள். புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கலாம். அப்படியிருந்தால் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள்.