முதுகுவலிக்கு லேபிள் இல்லாத பொட்டல மருந்தை வாரக்கணக்கில் சாப்பிட்டு வருகிறீர்களா? உடனே நிறுத்திவிடாதீர்கள்!

வெள்ளைத் தாளில் மடித்த பொடி, இல்லையென்றால் பேர் ஊர் இல்லாத டப்பாவில் கறுப்பு உருண்டைகள். "சுத்த மூலிகை, முதுகுத்தண்டு வாதம் வேரோடு போயிடும்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் வலி காணாமல் போகிறது. சந்தேகம் வரவேண்டிய இடமே அதுதான். வருடக்கணக்கான வலி அத்தனை வேகத்தில் அடங்கினால், உள்ளே டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து நடப்பது இன்னும் கொடுமை. பசி எடுக்கும், முகம் பூரிக்கும். "உடம்பு தேறிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். நன்றாகப் பாருங்கள்: கன்னம் உருண்டிருக்கும், பிடரியில் கொழுப்பு திரண்டிருக்கும், ஆனால் கையும் காலும் மெலிந்திருக்கும். வயிற்றில் ஊதா நிற வரிகள் தெரியும். லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும். முதுகுக்காகச் சாப்பிட்ட மருந்தே முள்ளெலும்பை நொறுங்கவைக்கும். தொடை எலும்பின் பந்து ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போவதும் உண்டு.

விஷயம் தெரிந்ததும் பொட்டலத்தைக் குப்பையில் போடத் தோன்றும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால், உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மீதிப் பொட்டலத்தோடு பொதுமருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். காலை 8 மணி வாக்கில் கார்டிசால் (அட்ரீனல் சுரக்கும் ஸ்டீராய்டு) ரத்தப் பரிசோதனை எடுத்து, தெரிந்த அளவு ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார்கள். வாந்தியும் மயக்கமும் ஏற்கெனவே வந்துவிட்டால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான். ஸ்டீராய்டு கலந்த பொடி சாப்பிட்டிருக்கலாம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு இழப்பு, உண்மையான நோய் மறைந்துபோவது. 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதம் தாண்டிய வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, பின்னிரவில் வலி எழுப்பிவிடுவது, நடமாடினால் குறைந்து படுத்தால் கூடுவது, புட்டத்தில் பக்கம் மாறி மாறி வலி, இடையில் கண் சிவந்து வலிப்பது: இவை தேய்மானத்தின் அடையாளம் இல்லை. ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற, முதுகுத்தண்டைத் தாக்கும் அழற்சி வாதமாக இருக்கலாம். தேய்மான வலி நேர்மாறு. வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் தணியும்.

எக்ஸ்ரே பல வருடம் சரியாகவே தெரியலாம். கீழ்முதுகுக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து 'டிஸ்க்' என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சேக்ரோஇலியாக் மூட்டுக்குத் தனியாக, அழற்சியைக் காட்டும் ஸ்டிர் வகைப் படங்களோடு எடுக்கவேண்டும். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைப் பார்க்கும் ஹெச்.எல்.ஏ. பி27 பரிசோதனை பாசிட்டிவ் என்பதால் மட்டும் நோய் உறுதியாகாது, நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்றும் ஆகாது. பார்க்கவேண்டியது ரூமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத மருத்துவரை.

இந்த நோய்க்கு முதலில் அழற்சியைக் குறைக்கும் வலிநிவாரணி, அதற்கு உரிய முழு அளவில், சிறுநீரகத்தையும் வயிற்றையும் கவனித்தபடி, இரண்டு முதல் நான்கு வாரம். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று. அதற்கும் அடங்காவிட்டால் அடாலிமுமாப் போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் பயாலஜிக் ஊசி. காசநோய்ப் பரிசோதனை இல்லாமல் அதைப் போடவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையை முதுகுத்தண்டுக்கு நீண்டகாலம் கொடுப்பது சிகிச்சை முறையிலேயே இல்லை. முதுகை நிமிர்த்தி, நெஞ்சு விரிய மூச்சிழுக்கும் பயிற்சி தினமும் வேண்டும், சிகரெட் கூடவே கூடாது. சுளுக்கெடுக்கிறேன் என்று யாரும் கழுத்தை வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள். இந்த நோயில் ஒன்றோடொன்று இணைந்து இறுகிய முள்ளெலும்பு உடைந்தால் கை கால் செயலிழக்கும்.

இந்த எச்சரிக்கை முறையான சித்த மருத்துவத்துக்கு எதிரானது இல்லை. உரிமம் பெற்ற மருந்தின் லேபிளில் உட்பொருட்கள், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தேதி எல்லாம் இருக்கும். இவை இல்லாத பொட்டலம் கையில் இருந்தால் ஒரு பகுதியைப் பிரிக்காமல் வைத்து, பணம் கட்டிய ரசீதோடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.