கப்பலில் ‘குரூப் டின்னர்’ என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. சிங்கப்பூர் கப்பல் சுற்றுலா, தனி ஹாலில் இந்திய விருந்து, தலைக்கு 4,200 ரூபாய் மட்டும் கூடுதல். படத்தில் ஒரு பெரிய குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கேக் வெட்டுகிறவர் என் அப்பா.

அந்த விருந்து எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இந்தப் பதிவு. ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்து ஆகப்போவதும் அதிகமில்லை, இதே வித்தையை வேறு பெயர்ப் பலகையில் செய்கிறவர்கள் நிறைய இருப்பார்கள்.

2024 மே மாதம். அப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தியைக் கோயிலில் முடித்துக்கொண்டு, பள்ளி லீவில் எல்லோருமாகக் கப்பலில் போவது என்று முடிவானது. திருச்சியிலிருந்து 21 பேர், 9 கேபின். சிங்கப்பூர் மரீனா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். நான்கு இரவு.

எங்கள் கூட்டத்துக்குச் சாப்பாடு கொஞ்சம் சிக்கல். அம்மா சுத்த சைவம், முட்டை கலந்தது எதையும் தொடமாட்டார். அம்மாவையும் சேர்த்து ஏழு பேர் அப்படி. அப்பா இன்சுலின் போடுகிறவர், ஊசி போட்ட அரை மணிக்குள் தட்டு முன்னால் வந்தாக வேண்டும். அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது, நிலக்கடலை அலர்ஜி. அத்தை மகளுக்கு சீலியாக், கோதுமை ஒரு துளி பட்டாலும் வயிறு இரண்டு நாள் படுத்தும். சித்தப்பா ஒருவர்தான் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். படித்துக்கூடப் பார்க்காமல், “நோட் பண்ணியாச்சு சார், கவலையே படாதீங்க” என்றார். பிறகுதான் அந்தப் பேக்கேஜை எடுத்தார். கப்பலில் குடும்பமாக ஒரே இடத்தில் சாப்பிட வேண்டும் என்றால் ‘குரூப் டைனிங்’ எடுக்க வேண்டுமாம். தனி ஹால், இந்தியச் சமையல், ஸ்பெஷல் மீல்ஸ், முட்டையில்லாத கேக் எல்லாம் சேர்த்து ஒரு தலைக்கு 3,500. இருபத்தொரு தலைக்கு 73,500. எழுபதாவது பிறந்தநாள் ஆயிற்றே என்று கொடுத்துவிட்டேன்.

அவர் விற்றது என்ன என்று கப்பலில் ஏறிய பிறகுதான் புரிந்தது. கப்பலின் பெரிய சாப்பாட்டுக்கூடத்தில் தினமும் இரவுச் சாப்பாடு டிக்கெட் விலையிலேயே சேர்ந்தது. பஃபேயும் அப்படியே. பத்துப் பேரோ இருபது பேரோ பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார வைப்பதற்கும் காசு கிடையாது, சைவம், அலர்ஜி, கோதுமை இல்லாதது என்று கேட்பதற்கும் கிடையாது. கட்டணம் வாங்குவது தனியாக நடக்கும் சிறப்பு ரெஸ்டாரன்ட்களுக்கு மட்டும்தான். சும்மா கிடைப்பதை 73,500-க்கு வாங்கியிருக்கிறேன். சும்மா கிடைப்பதாவது கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பலைப் பொறுத்தவரை 21 பேர் கொண்ட குடும்பம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கேபினுக்கும் ஒரு புக்கிங் நம்பர், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்கு முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணி வாக்கில் இருக்கும், இரண்டாம் பந்தி எட்டு மணிக்கு மேல். இரண்டும் வேண்டாம் என்றால் விருப்பமான நேரத்துக்குப் போகும் முறையும் பல கப்பல்களில் உண்டு. ஒன்பது கேபினும் ஒரே பந்தியில் இருந்து, ஒன்பது நம்பரையும் ஒன்றோடொன்று இணைத்துவைக்கச் சொன்னால்தான் பக்கத்துப் பக்கத்து மேசை கிடைக்கும். முதல் பந்தி சீக்கிரம் நிரம்பும், குழந்தைகள், வயதானவர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான். உணவுக் கட்டுப்பாடு இருந்தால் அதைத் தனியாகக் கப்பல் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். கப்பலையும் தேவையையும் பொறுத்து ஒரு மாதம் முதல் மூன்று மாதம் முன்பே கேட்கிறார்கள், சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் தெரிய வேண்டுமே.

எங்கள் ஏஜென்ட் என்ன செய்திருந்தார்? மலிவு விலை வரவர மூன்று தடவையாகக் கேபின் வாங்கியிருக்கிறார். இணைக்கவே இல்லை. மூன்று கேபின் முதல் பந்தி, நான்கு கேபின் இரண்டாம் பந்தி, இரண்டு கேபின் விருப்ப நேரம். அப்பா, அம்மா இரண்டாம் பந்தியில். பேரப்பிள்ளைகள் முதல் பந்தியில்.

இதை முன்பே கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். எங்களுக்கு வந்தது ஏஜென்சி லோகோ போட்ட ஒரு கலர் பிடிஎஃப். ‘குரூப் டைனிங் கன்ஃபர்ம்ட், ஸ்பெஷல் மீல்ஸ் கன்ஃபர்ம்ட்’ என்று பச்சை டிக் போட்டிருந்தது. அது அவர் கம்ப்யூட்டரில் அவரே செய்த தாள். கப்பல் நிறுவனத்தின் புக்கிங் தாளில்தான் பந்தி நேரம் இருக்கும். புக்கிங் நம்பரைக் கேட்டபோதெல்லாம் “சிஸ்டம்ல ஜெனரேட் ஆகல சார்” என்றார். பயணத்துக்கு மூன்று நாள் முன்புதான் கொடுத்தார். நம்பர் இல்லாமல் பணம் கட்டியது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். நம்பர் கையில் இருந்தால் கப்பல் நிறுவனத்தின் ஆப்பில் போட்டு இரண்டு நிமிடத்தில் பந்தி நேரத்தைப் பார்த்திருப்பேன். கடைசி நேரத்தில் நிறுவனத்துக்குப் போன் செய்தேன், “உங்கள் ஏஜென்ட் வழியாக வாருங்கள்” என்றார்கள். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டை அவர்கள் நேரடியாகத் தொடமாட்டார்களாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. “எதுக்கும் சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு வெச்சுக்குங்க, புளியோதரை கட்டிக்குங்க, யாரும் கேக்கமாட்டாங்க” என்று ஏஜென்ட் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். முனையத்தில் எக்ஸ்ரேயில் குக்கர் பளிச்சென்று தெரிந்தது. சூடாக்கும் சாமான் எதையும் தீப்பிடிக்கும் பயத்தில் கேபினுக்கு விடமாட்டார்கள். குக்கரில் பெயர்ச் சீட்டு மாட்டி வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் சமைத்ததும் கூடாது, புளிக்காய்ச்சல் பாட்டில் குப்பைத்தொட்டிக்குப் போனது. சீல் பிரிக்காத முறுக்கு, பிஸ்கெட்டை ஒன்றும் சொல்லவில்லை.

முதல் இரவு. அப்பா வழக்கம்போல ஏழே முக்காலுக்குக் கேபினில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் வரிசை. உட்காரும்போது எட்டேகால். ஆர்டர் எடுத்து, ரொட்டி வந்து, சூப் வந்து... சூப்பில் கோழிச் சாறு என்று திருப்பி அனுப்பினோம். எட்டு ஐம்பதுக்கு அப்பாவுக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. கை நடுங்குகிறது. பக்கத்து மேசை வெய்ட்டர் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார். அந்தப் பையன் இந்தோனேசியாக்காரன், பெயர் கேட்க மறந்துவிட்டேன். நன்றாக இருக்கட்டும்.

அதே நேரத்தில் மேலே பஃபேயில் அண்ணன் மகன். பந்தி பிரிந்ததால் பிள்ளைகளை அண்ணி பஃபேக்கு அழைத்துப் போயிருந்தார். ‘வெஜிடபிள் நூடுல்ஸ்’ என்று பலகை இருந்தது, உள்ளே சாத்தே குழம்பு. சாத்தே என்றால் நிலக்கடலை அரைத்த குழம்பு என்று அண்ணிக்குத் தெரியாது. இரண்டு வாய்தான், உதடு வீங்கிவிட்டது. பையில் எப்போதும் இருக்கும் மருந்தைக் கொடுத்து, கப்பல் மருத்துவ அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பில் டாலரில், கேபின் கணக்கில் ஏறிவிட்டது. அதைவிட எங்களைக் கொதிக்க வைத்தது டாக்டர் கேட்ட கேள்வி: “அலர்ஜி என்று ஏன் முன்பே பதிவு செய்யவில்லை?”

இரவு பதினொரு மணிக்கு நான் ஹெட் வெய்ட்டரைத் தேடிப்போனேன். கோவாக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது புக்கிங்கிலும் உணவுக் குறிப்பு இடம் காலி. ஒன்றே ஒன்றில் மட்டும் ‘சைவம்’ என்று இருந்தது. யாருடையது என்று பார்த்தால் சித்தப்பாவுடையது!

அவர் சொன்னதுதான் இந்தப் பதிவில் உருப்படியான விஷயம். வெறும் ‘வெஜிடேரியன்’ என்று எழுதினால் போதாது. சிப்பிச் சாறு, மீன் சாறு, கோழிச் சாறு ஒரு கரண்டி விழுந்த காய்கறியையும் சைவம் என்று நினைக்கிற சமையற்காரர்கள் உண்டு, முட்டையும் பாலும் சேர்ந்தது அங்கே சைவம்தான். ‘இந்திய சைவம், முட்டை இல்லை, மீன் சாறு இல்லை’ என்று முழுதாக எழுத வேண்டும். வெங்காயம் பூண்டு ஆகாது என்றால் அதையும். கப்பல் ஏறிய அன்று மதியமே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனால் பந்தி மாற்றித் தர ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், மாலைக்குள் காலி இடமெல்லாம் போய்விடும். எங்களை ஏஜென்ட் மூன்றரை மணிக்குத்தான் முனையத்துக்கே வரச் சொல்லியிருந்தார். அப்புறம், அலர்ஜி உள்ளவர் பஃபே பக்கம் போகவே கூடாது, கரண்டி மாறும். முதல் நாள் இரவே அடுத்த நாள் மெனுவை வாங்கி, குறித்துக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து அப்படியே செய்தார். இரண்டாம் இரவு அம்மாவுக்குப் பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு வறுவல் வந்தது. அத்தை மகளும் அந்தப் பருப்பைச் சாப்பிட்டாள், மறுநாள் படுத்துவிட்டாள். கோதுமை எங்கே என்று எல்லோரும் யோசித்தோம். பெருங்காயம்! கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இதில் ஏஜென்ட்டைக் குறை சொல்ல முடியாது. சமையற்கட்டில் நல்ல எண்ணத்தோடு தாளித்தார்கள், எங்களுக்கே அது தோன்றவில்லை.

பினாங்கில் இறங்கிய அன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டது. துறையிலிருந்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாடு. புக்கெட் போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு: மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் ‘ஜே’ கடைகளில் முட்டை, மீன் சாறு மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் கிடையாது. அம்மாவுக்கு அது பெரிய அதிசயம்.

மூன்றாம் இரவு, விருப்ப நேரப் பகுதியின் மூலையில் ஏழேழு பேராக மூன்று மேசையைப் பக்கத்தில் பக்கத்தில் ஒதுக்கிக் கொடுத்தார் அந்தக் கோவாக்காரர். ஆறே முக்காலுக்கு. பைசா வாங்கவில்லை. மொத்தப் பயணத்தில் 21 பேரும் சேர்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். கேக்கும் அவரே ஏற்பாடு செய்தார், ஆனால் முட்டையில்லாததற்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சாதாரண கேக்தான் கிடைத்தது. அப்பா வெட்டினார். அம்மா வாயில் வைக்கவில்லை.

ஊருக்கு வந்து ஏஜென்ட் முன்னால் உட்கார்ந்தேன். “கப்பல்காரன் தப்பு சார், நாங்க மெயில் போட்டோம்” என்றார். மெயிலைக் காட்டச் சொன்னேன். ஸ்டாஃப் வேலையை விட்டுப் போய்விட்டாராம், பாஸ்வேர்டு தெரியாதாம். சுற்றுலாத் தொழிலில் இருக்கும் ஒரு நண்பர் பிறகு இன்னொன்றைச் சொன்னார். பல நிறுவனங்களில் 8 கேபின், 16 பேர் சேர்ந்தால் குரூப் கணக்கு, அதில் ஒருவருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. எங்கள் 21 பேரில் அந்தச் சலுகை யார் கண்ணிலும் படவில்லை. பில்லில் டிசிஎஸ் (டூர் விற்கிறவர் நம்மிடம் வாங்கி, நம் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி) என்று 5 சதவீதம் ஏஜென்ட் வாங்கியிருந்தார். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது வரவே இல்லை. வெளிநாட்டு டூர் போய்வந்தவர்கள் இதை மட்டுமாவது இன்றே பாருங்கள், அது உங்கள் வரிப் பணம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தேன். சமரசத்துக்கு ஏஜென்ட் பதிலே சொல்லவில்லை. பிறகு ஆன்லைனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் இருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கேபினுக்குக் கேபின் தனி பில் என்பதால் என் நான்கு பேர் பில் ஐந்து லட்சத்துக்குள் வந்தது, கட்டணம் இல்லை. பச்சை டிக் போட்ட அந்த பிடிஎஃப், ஆப்பில் மூன்று விதமாகத் தெரிந்த பந்தி நேரத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவ அறை பில் எல்லாவற்றையும் இணைத்தேன். ஸ்கிரீன்ஷாட்டைக் கப்பலிலேயே எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று, பயணம் முடிந்ததும் ஆப்பில் அதெல்லாம் மறைந்துவிட்டது.

நோட்டீஸ் போன பிறகு ஆள் இறங்கிவந்தார். 15,000 தருகிறாராம், பணமாக இல்லை, அடுத்த டூருக்குக் கூப்பனாக. வேண்டாம் என்றேன். அப்போதுதான் இந்த விளம்பரம் வந்தது. பயணத்துக்காக நாங்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் அவரும் இருந்தார், படம் அங்கிருந்து எடுத்ததுதான். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் அம்மா முன்னால் காலித் தட்டு தெரியும். போன் செய்து அப்பா படத்தை எடுக்கச் சொன்னேன்.

“ஏன் சார், நல்லாத்தானே வந்திருக்கு?” என்றார்.