வாசல் கதவுக்குப் படகு வார்னிஷ்: வருஷங்கள் ஓடிய பிறகு

மன்னார்குடியில் மைத்துனர் பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். "அத்தான், படகு வார்னிஷ் விலை இறங்கியிருக்கு, வாசல் கதவுக்கு வாங்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எனக்கு அதன்மேல் கோபமும் நிறைய இருக்கிறது, அதனால் எழுதியே விடுகிறேன்.

எங்கள் வீடு தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில். கிழக்குப் பார்த்த வாசல், கீலுக்குப் பதிலாகக் குடுமி என்கிற மர முளையில் சுழல்கிற இரட்டைக் கதவு, திண்ணைத் தூண்கள், எல்லாமே பர்மாத் தேக்கு. அப்பா காலத்தில் பிரெஞ்சு பாலிஷ்தான். அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது, கூடத்துக்குள் இருக்கிற பீரோவுக்கு அழகு. வெளியில் மழைச் சாரல் பட்டால் வெள்ளை பூத்துவிடும். அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இந்தப் படகு வார்னிஷுக்கு மாறினோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திண்ணைத் தூண்களில் இது அபாரமாக நிற்கிறது. தாழ்வாரத்து நிழலில் இருப்பதால் வெயில் நேராக விழாது, சாரலும் எப்போதாவதுதான். அன்றைக்கு அடித்த பளபளப்பு இன்றும் அப்படியே இருக்கிறது, ரேகை ரேகையாக மரம் தெரிகிறது, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தூசி வந்துவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தூணைத் தடவிப் பார்க்காமல் உட்காருவதில்லை. கதவிலும் முதல் வருஷம் இதே அழகுதான்.

பாய்மரம் காற்றில் வளைந்து நிமிர்கிற மரம். அதோடு சேர்ந்து விரிசல் விடாமல் நெளிய வேண்டும் என்பதற்காக எண்ணெய்ப் பங்கு கூடுதலாக வைத்துத் தயாரித்த வார்னிஷ் இது. வெயில் பட்டு விரிந்து, மழையில் ஊறி உப்புகிற கதவுக்கும் அந்த நெளிவு வேண்டும்தான். அதுவரைக்கும் கணக்கு சரி.

ஆனால் குடியிருக்கிற வீட்டின் வாசல் கதவுக்கு இதை அடிப்பது சாமானிய வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் தொடவே முடியாது. மழை விட்டு மரம் உலர்ந்து தை பிறந்தால்தான் ஆரம்பிக்கலாம், அப்போதுதான் சம்பா அறுவடையும். மெஷின் வயலில் இறங்கியதும் சுற்றுவட்டாரம் முழுக்கச் சுணையும் தூசியும் பறக்கிறது, ரோட்டில் நெல்லைக் காய வைத்துத் தூற்றுகிறார்கள். காலையில் பனி ஈரம், அப்புறம் கதவில் நேர் வெயில். சூடான மரத்தில் அடித்தால் கொப்புளம் வரும். வெயில் கூரைக்கு மேல் ஏறி மரம் ஆறுவதற்குள் கடல்காற்று கிளம்பிவிடும். சாயங்காலம் திண்ணை விளக்கைப் போட்டால் வயலிலிருந்து பச்சைப் பூச்சி கூட்டமாக வந்து ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். ஆக, மதியச் சாப்பாட்டை ஒட்டிக் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் நமக்கு. கதவைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோகலாம் என்றால் ராத்திரி வீட்டைப் பூட்ட வேண்டாமா? ஒரு கதவு முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது, இரண்டும் சந்திக்கிற விளிம்பு கடைசியில், அது காய்கிறவரை கதவைச் சாத்த முடியாததால் ராத்திரியில் குடும்பமே மாற்றி மாற்றித் திண்ணையில் படுத்தது.

வேலையில் குறை வைக்கவில்லை. முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி உலரவிட்டு, 80, 120, 220 என்று நம்பர் ஏற ஏற நைசாகிற உப்புத்தாளால் தேய்த்து, தேக்கின் எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து, முதல் கோட் டர்பன்டைன் பாதிக்குப் பாதி கலந்து, மேலே ஆறு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 320 தாள். ஆசாரி வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அடி விளிம்புல அடிச்சாச்சா தம்பி? தண்ணி அங்கதான் குடிக்கும்." மரத்தின் வெட்டுமுனை கீழே இருக்கிறது, அது வழியாகத்தான் ஈரம் ஏறும். அவரே கதவைக் குடுமியிலிருந்து தூக்கிக்கொடுக்க, அடியிலும் நிறைய ஊட்டினோம்.

இவ்வளவும் செய்து, கதவின் கீழே ஒரு அடி உயரத்துக்கு வார்னிஷ் நிற்கவில்லை.

காலையில் வாசல் தெளிக்கிற வீடு இது. தெளிக்கிற தண்ணீர் கதவின் கீழ்ப்பக்கத்திலும் வாசக்காலிலும் தெறிக்கும், உடனே மேலே வெயில் ஏறும். முதலில் ஒரு பொருத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல். உள்ளே போன ஈரம் படலத்தைத் தாண்டி வெளியே வர வழியில்லை. பழைய இரும்பு ஆணி இருக்கிற இடங்களில் ஈரமும் இரும்பும் மரத்தில் இருக்கிற துவர்ப்புச் சத்தான டானினும் சேர்ந்து மை கொட்டியதாகக் கறுத்துவிட்டது. அதற்கு மேலே, வெயில் மட்டும் படுகிற இடத்தில் வேறு கதை: தெளிந்த வார்னிஷ் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய் மரத்தின் மேற்பரப்பில் நாரைப் பிணைத்து வைத்திருக்கிற லிக்னினைச் சிதைக்கிறது. படலம் முழுசாகத்தான் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ள அடியில் மரம் இருக்காது. நகத்தால் நெம்பினால் வெங்காயச் சருகு போலக் கையோடு வருகிறது.

சரி, அந்த இடத்தை மட்டும் தேய்த்து அடிக்கலாம் என்றால் ஒட்டுப்போட்டது தனியாகத் தெரிகிறது. கறுப்பைப் போக்க ஆக்சாலிக் ஆசிட் பூச வேண்டும், அதற்குச் சுற்றியிருக்கிற வார்னிஷை மொத்தமாக உரிக்க வேண்டும். எனக்கு எரிச்சல் இதில்தான். எந்தப் பூச்சும் ஒருநாள் கெடத்தான் செய்யும், ஆனால் இது கெட்டால் வேலை முழுவதையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. டப்பாவில் ஐந்து வருஷம் என்று போட்டிருக்கிறான். பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்கள், தங்கள் கைப்பிடி மரத்துக்கு இதையே அடிப்பவர்கள், வெயில் ஊர்களில் வருஷம் ஒருமுறையாவது லேசாகத் தேய்த்து மேல்கோட் கொடுக்கிறார்கள். உரிகிறவரை காத்திருப்பதே இல்லை. படகுக்காரனுக்குத் தெரிந்த அந்த ஒரு வரியை டப்பாவில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலைப்படியில் வார்னிஷ் அடிக்க அம்மா விடவில்லை. "வழவழன்னு இருந்தா மஞ்சள் எப்படிடா நிக்கும்?" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார், அவ்வப்போது ஒரு கை எண்ணெய். அத்தனை கால்களும் மிதிக்கிற கட்டை அது. நிறம் மங்கியிருக்கிறது, பளபளப்பு கிடையாது. ஆனால் உரியவில்லை, கறுக்கவில்லை. கதவின் அடியையும் அந்தப் படியையும் தினமும் ஒருசேரப் பார்க்கிறேன்.

எண்ணெய்க்கும் குறை உண்டு. லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், பூசிய மரத்தில் அடைமழைக் காலத்தில் பூஞ்சை பிடிக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுமரத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயை வீட்டு வாசலில் பூசினால் நாற்றம் தாங்காது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய் மரத்தைக் கறுப்பாக்கும், பச்சையாகக் கையில் பட்டால் புண்ணாக்கும். அழகு, தண்ணீர் நிற்காமை, துடைக்கிற சுலபம் என்று மார்க் போட்டால் வார்னிஷ்தான் ஜெயிக்கும், எனக்கும் தெரியும்.

இருந்தும், மாப்பிள்ளை, கதவுக்கு வேண்டாம். மன்னார்குடியில் உப்புக்காற்று இல்லை என்பீர்கள். வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது, உங்கள் வீட்டிலும் தினமும் வாசல் தெளிக்கிறார்கள். தூணுக்கு வாங்குங்கள், தாராளமாக. நான் வருகிற தையில் கதவை மரம்வரை உரித்துவிட்டு எண்ணெய்க்கே போகிறேன். உங்கள் கதவுக்கும் அதுதான் என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், லின்சீட் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொல்லையில் விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் வேறு வேலை பாருங்கள்.