தகப்பன் காளையைக் கேட்காமல் சினைமாடு வாங்காதீர்கள்

திருகோணமலையில், அதிலும் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கங்களில் ஜேர்சிக் கலப்பு மாடு தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எனக்குச் சினைக்கடேரி விற்ற வளர்ப்பாளரிடம், எந்தக் காளைக்குச் சினைப்பட்டது என்று கேட்டேன். “என் பட்டியில் நிற்கும் அசல் ஜேர்சி” என்றார். அந்தக் காளைதான் கடேரியின் தகப்பனும் என்பதை மறைத்துவிட்டார்.

கன்று கண் தெளிவோடு பிறந்தது. எழும்பத்தான் முடியவில்லை. பின்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கும். முன்னங்கால்கள் இரண்டும் விறைத்து, பக்கவாட்டில் அகன்று வழுக்கும். நெஞ்சு மண்ணில் மோதும். மறுபடியும் முயலும். போத்தலில் கொடுத்த சீம்பாலை ஆவலோடு குடித்தது. கழுத்து இழுத்து இழுத்து, சில நாட்களில் செத்துப்போனது.

பிறக்கும்போது பட்ட காயம் எதுவும் இல்லை என்றார் கால்நடை வைத்தியர். ஜேர்சி இனத்தில் இறங்கும் ஒரு பரம்பரை நரம்பு நோய் என்று சந்தேகிக்கிறார். டிஎன்ஏ சோதனையால்தான் உறுதிசெய்யலாம். அந்த நோய்க்குக் காரணம் 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள யூசிஎச்எல்1 மரபணுவின் பழுது. தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் அது சேர்ந்து வந்தால்தான் கன்று விழும். ஒரு பக்கம் மட்டும் வந்த மாடு கொழுத்து நிற்கும், பாலும் கறக்கும். கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

விற்ற வளர்ப்பாளரிடம் முறையிடப் போனபோது, “தாயும் தகப்பனும் நல்ல சுகமாக நிற்கின்றன, உங்கள் தீனிதான் பிழை” என்று என்மேலேயே பழியைப் போட்டார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெற்றவை சுகமாக நிற்பதுதானே இந்த நோயின் வழக்கம்! அதே பட்டியில் முன்பும் ஒரு கன்று இப்படி விழுந்ததை அயலவர் சொன்னார்கள்.

கணக்கைப் பாருங்கள். காளை பழுதைச் சுமந்தால் மகளுக்கு அது இறங்க 2இல் 1 வாய்ப்பு. சுமக்கும் இரண்டும் சேர்ந்தால் கன்றுக்கு நோய் வர 4இல் 1. ஆக, தகப்பனையே மகளுக்கு விட்டால் 8இல் 1. வேறு இனக் காளைக்கு விட்டிருந்தால் இந்த ஆபத்து அநேகமாக இருந்திருக்காது.

செயற்கை முறைச் சினைப்படுத்தல் என்றால் காளையின் இலக்கம் பதிந்த அட்டையைக் கேளுங்கள். விந்துக்குழாயிலேயே இலக்கம் இருக்கும். பட்டிக் காளை என்றால் கடேரி யாருடைய மகள் என்று அயலில் விசாரியுங்கள். விற்பவர் மழுப்பினால் திரும்பிவிடுங்கள். அந்தக் காளையை இன்னமும் ஊர்ப் பசுக்களுக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.