ஏசி ஃபேன் 4-ல் மட்டும் ஓடுகிறதா? என்னைப் போல 11,400 ரூபாயைத் தொலைக்காதீர்கள்

நேற்று சாயங்காலம் புதுப்பேட்டையில் ஒரு எலக்ட்ரீஷியன் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 11,400 ரூபாய் கொடுத்தேன். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு பொட்டு ஈயம்.

வண்டி 2014 மாடல் சின்ன கார். ஏசி ஃபேன் 1, 2, 3-ல் வைத்தால் செத்துக் கிடக்கும். 4-ல் வைத்தால் பேய்க்காற்று. மே மாத வெயிலுக்கு அது போதும்தான். ஆனால் பின்சீட்டில் அம்மா காதைத் துண்டால் சுற்றிக்கொண்டு, "இதுக்கு ஜன்னலைத் திறந்துட்டே போயிடலாம்டா" என்று தினமும் புலம்பல்.

பக்கத்து மெக்கானிக் ஊருக்குப் போயிருந்தார். சரி, வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப் போய் ரிப்பேர் செய்து தரும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். வந்த பையன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டான், நாலு பக்கமும் போட்டோ எடுத்தான், கிலோமீட்டரைக் குறித்துக் கையெழுத்து வாங்கினான். அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று தோன்றிவிட்டது.

மதியம் போன். "சார், ப்ளோயர் மோட்டார் போயிடுச்சு." அதாவது, ஏசி ஃபேனைச் சுற்றவைக்கும் மோட்டார். கூடவே தூசி படிந்த ஒரு மோட்டாரின் வீடியோ. "4-ல நல்லா ஓடுதே தம்பி, மோட்டார் போயிருந்தா எப்படி ஓடும்?" என்று கேட்டேன். கேட்டேனே! "லோடு எடுக்கல சார், இன்னும் ரெண்டு நாள்ல மொத்தமா நின்னுடும்" என்றான். ஆபீசில் மீட்டிங். சரி, போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மோட்டார் 5,200, ஏசி கேஸ் 2,400, ஃபில்டர் 600, கூலி 3,200. ஆக 11,400.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் பழையபடி 4-ல் மட்டும்.

சாட்டில் போட்டால், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." போனில் பேசினால், "வாரண்டி மோட்டாருக்குத்தான் சார், மோட்டார் 4-ல ஓடுதுல்ல?" நான் அன்றைக்குக் கேட்ட கேள்வியை எனக்கே திருப்பிப் போடுகிறார்கள்! பழைய மோட்டாரைக் காட்டுங்கள் என்றால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." மூன்று முறை புகார் போட்டேன். மூன்றையும் 'தீர்க்கப்பட்டது' என்று அவர்களே மூடிவிட்டார்கள்.

நண்பர் சொல்லித்தான் புதுப்பேட்டை போனேன். கடைக்கார பாய் க்ளோவ் பாக்ஸை இறக்கி, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெளியே எடுத்தார். ரெசிஸ்டராம். நம் வீடுகளில் பழைய சீலிங் ஃபேனுக்குக் கறுப்புப் பெட்டி ரெகுலேட்டர் இருக்குமே, தொட்டால் சுடும், அதே வேலைதான். 1, 2, 3-க்கு கரண்ட் இதன் வழியாகப் போகும். 4-ல் இதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும். அதனால் 4 மட்டும் ஓடினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அதில் அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துபோவதற்கென்றே ஒரு ஃப்யூஸ் உண்டு. அந்த இடத்தில் பொடி வயர் ஒன்றை வைத்து ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள். சூட்டில் ஈயம் உருகி வயர் விட்டுப்போயிருக்கிறது. பக்கத்துக் கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. "விட்டுப்போனதே நல்லது சார், இல்லன்னா உள்ள பத்தியிருக்கும்" என்றார் பாய். அம்மாவை உட்கார வைத்து ஓட்டிய வண்டி!

மோட்டாரையும் கழற்றிக் காட்டினார். பழைய மோட்டாரேதான், ஸ்க்ரூ தலையில் பத்து வருடத் துரு அப்படியே இருந்தது. ஃபில்டரில் சருகும் காய்ந்த வேப்பம்பூவும் அடைத்துக் கிடந்தன. அதற்கும்தான் 600 வாங்கினார்கள். ரெசிஸ்டருக்கு அந்தக் காற்றுதான் கூலிங், ஃபில்டர் அடைத்தால் அது வெந்துதான் போகும் என்றார். புது ரெசிஸ்டர் 850, கனெக்டரோடு கூலி 400. முக்கால் மணி நேரத்தில் நாலு ஸ்பீடும் வந்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் ஓடவில்லை. மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். வீடியோவை நம்பாதீர்கள், அது யார் வண்டி மோட்டாரோ! ஃபேன் ஸ்பீடு கோளாறுக்கு ஏசி கேஸ் அடிக்க வேண்டும் என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் ஏசி வண்டிகளில் பெரும்பாலும் இந்த ரெசிஸ்டர் இருக்காது, வேறு மாட்யூல், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். ஈயம் வைத்த அந்தத் துண்டு பில்லோடு ஒரு கவரில் இருக்கிறது.